வேலூரில் வீட்டுத் தோட்டத்துக் கொசு: மருந்து அடிப்பதா, இயந்திரம் வாங்குவதா, மீன் விடுவதா?

சத்துவாச்சாரி வாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு சத்துவாச்சாரியில், உட்தெரு ஒன்றில் இருக்கிறது. வீட்டின் பின்புறம் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, ஓர் எலுமிச்சை, வரிசையாகச் சில வாழைகள், மாமனார் காலத்துக் கிணறு ஒன்று ஆகியவை உள்ளன. காவேரிக் கூட்டுக் குடிநீர் எங்கள் தெருவுக்கு நாள்தோறும் வருவதில்லை என்பதால், வரும் அன்று பிளாஸ்டிக் டிரம்களிலும் ஒரு சிமெண்ட் தொட்டியிலும் பிடித்து வைத்துக்கொள்கிறோம். மழை தொடங்கியதிலிருந்து தோட்டத்தில் துணி காயப்போடும் நேரம்கூட நிற்க முடியவில்லை. காலையில் மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது கணுக்காலைச் சுற்றிக் கடிக்கிறது. இருட்டிய பிறகு மாமனார் திண்ணையில் உட்கார்ந்தால் காதோரம் ரீங்காரம் நிற்பதே இல்லை.

மாதம் ஒரு முறை வந்து செடிகொடிகளுக்கு மருந்து அடிப்பதாக ஒரு நிறுவனத்தார் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நீல விளக்கு எரியும் மின்பொறியை வாங்கி மாட்டலாம் என்கிறார் என் கணவர். கிணற்றில் மீன் விட்டால் போதும் என்கிறார் மாமனார். நொச்சியும் துளசியும் வைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. எல்லாவற்றையும் செய்ய வசதியில்லை. முதலில் எதற்குச் செலவு செய்வது என்பதை அனுபவமுள்ளவர்கள் காரணத்துடன் சொன்னால் உதவியாக இருக்கும்.

காட்பாடி நண்பன்

சகோதரி, யோசிக்காமல் மருந்து அடிக்கச் சொல்லுங்கள். எங்கள் குடியிருப்பில் வேலியோரம், மரத்தடி, சுவரோரம் எல்லாவற்றிலும் அடித்தார்கள். அன்று மாலையே நிம்மதியாக வெளியில் உட்கார முடிந்தது. மீன், செடி என்பதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். குழந்தை கடிபடும்போது அவை வேலை செய்யும்வரை காத்திருக்க முடியாது.

பூச்சியியல் பணியாளர், ஓய்வு

அம்மா, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. காலையில் கணுக்காலில் கடிப்பதும் இருட்டிய பின் காதில் ரீங்கரிப்பதும் ஒரே கொசு அல்ல. முன்னது பெரும்பாலும் ஏடிஸ் ஈஜிப்டி. உடம்பிலும் காலிலும் வெள்ளை வரிகள் உடையது, டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்புவது, பகலில், அதிலும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும் மும்முரமாகக் கடிப்பது. பின்னது கியூலெக்ஸ், சாக்கடை, செப்டிக் டேங்க், கழிவு தேங்கும் கால்வாய் ஆகியவற்றில் பெருகி இரவில் கடிப்பது, யானைக்கால் நோயைப் பரப்புவது. இரண்டும் பிறக்கும் தண்ணீர் வேறு என்பதால், அவற்றைக் கட்டுப்படுத்தும் வழியும் வேறு. இதைப் பிரிக்காமல் எந்த முறைக்குப் பணம் கொடுத்தாலும் ஒன்று குறையும், மற்றொன்று அப்படியே இருக்கும்.

ஏடிஸ் தூரத்திலிருந்து வருவதில்லை. அதன் பறக்கும் தொலைவு பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். பல நேரங்களில் பிறந்த வீட்டையும் அடுத்த வீட்டையும் தாண்டுவதில்லை. ஆகவே உங்கள் மகளைக் கடிப்பது உங்கள் தோட்டத்திலோ அண்டை வீட்டிலோ உள்ள ஒரு பாத்திரத்தில் பிறந்தது என்று எடுத்துக்கொண்டு தேடலாம். வேலூர் வெயிலில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற 7 முதல் 10 நாள் போதும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று தோட்டத்தில் நிற்கும் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட வேண்டும் என்று சொல்வது இந்தக் கணக்கினால்தான்.

நாளைக் காலை ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு சிமெண்ட் தொட்டியின் மூடியைத் திறந்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். தண்ணீரின் மேற்பரப்பில் வால் மேலாகவும் தலை கீழாகவும் தொங்கிக்கொண்டிருக்கும் மெல்லிய புழுக்கள் தெரியும். தொட்டியின் சுவரில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் அத்தனையும் நெளிந்துகொண்டு அடிக்கு இறங்கும்; சற்று நேரத்தில் மூச்சு வாங்க ஒவ்வொன்றாக மேலே வரும். சில, காற்புள்ளியைப் போல் சுருண்டு உருண்டை முதுகுடன் இருக்கும். அவை கூட்டுப்புழுக்கள், ஓரிரு நாளில் பறந்துவிடும். நெளியாமல் நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும் புழுக்கள் கண்ணில் பட்டால் அவை மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் வகை. கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் அவற்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

காட்பாடி நண்பர் சொல்லும் மருந்து அன்றைக்குப் பலன் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பறக்கிற கொசுவையும் இலையடியில் உட்கார்ந்திருக்கிற கொசுவையும்தான் கொல்கிறது. தொட்டியில் இருக்கும் புழு அடுத்த வாரம் கொசுவாகிவிடும். தவிர, ஏடிஸ் செடியில் இருப்பதைவிட வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும், ஆணியில் மாட்டிய துணிக்குப் பின்னாலும், அலமாரி இடுக்கிலும் தங்குவதையே விரும்புகிறது. தெருவில் வண்டியில் புகை அடித்துப் போகும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். கொசுவும் உள்ளேதான் இருக்கிறது.

காட்பாடி நண்பன்

ஐயா, தொட்டியை நாங்களும் மூடித்தான் வைத்திருக்கிறோம். மூடிய பிறகும் வருகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பூச்சியியல் பணியாளர், ஓய்வு

எப்படி மூடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிரம்மின் மேல் ஒரு தட்டையோ பலகையையோ வைப்பது மூடுவது ஆகாது. விளிம்பில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் கொசுவுக்கு அது வாசல். உள்ளே இருட்டும் குளிர்ச்சியும் நிலைத்த தண்ணீரும் இருப்பதால் திறந்த டிரம்மைவிட அதற்கு வசதி. பழைய வேட்டித் துணியையோ கொசுவலைத் துணியையோ வாயில் விரித்து, சுற்றிலும் கயிறு அல்லது டியூப் ரப்பரால் இறுகக் கட்ட வேண்டும். துணி நடுவில் குழிந்து தண்ணீரைத் தொட்டால் அதன் மேலேயே முட்டை வைக்கும் என்பதால், விளிம்பு வரை நிரப்பக் கூடாது.

இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை. ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்ட வைக்கிறது. அந்த முட்டை காய்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். கோடை முழுவதும் காலியாகக் கிடந்த டிரம்மில் ஆடி, ஆவணி மழை விழுந்த சில நாளிலேயே புழு தெரிவது இதனால்தான். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேங்காய் நாரையோ பிரஷ்ஷையோ கொண்டு உட்சுவரை, குறிப்பாகப் பழைய தண்ணீர்க் கோட்டை, அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரைக் கால்வாயில் விடாமல் வெயில் படும் மண்ணில் ஊற்றுங்கள்.

பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறோமே என்று கேட்பார்கள். குடிநீருக்குப் போடும் அளவு குளோரின் கிருமியைக் கொல்லும், கொசுப்புழுவைக் கொல்லாது.

அணைக்கட்டுத் தேனீக்காரர்

தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் பேச்சு வந்ததால் குறுக்கிடுகிறேன். இந்த வேலைக்குப் பெரும்பாலும் பைரித்திராய்டு வகை மருந்துகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். மனிதருக்கு ஆபத்து குறைவு என்று சொல்லி விற்கப்படும் இவை தேனீக்கும் மீனுக்கும் கொடிய நஞ்சு. சகோதரியின் தோட்டத்தில் முருங்கையும் எலுமிச்சையும் இருக்கின்றன. இரண்டும் பூக்கும் காலத்தில் தேனீ மொய்க்கும். அந்தப் பூவில் மருந்து விழுந்தால் முதலில் சாவது தேனீ. காய் குறைவதும் அதன் தொடர்ச்சி. கிணற்று மேடையை ஒட்டி அடித்துவிட்டு, மாமனார் சொன்னபடி மீனும் விட்டால், மழையில் கழுவி இறங்கும் மருந்து மீனையும் மிதக்கவிடும். மருந்தும் மீனும் சேர்ந்து வாழாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

தும்பிகளையும் நினைவில் வையுங்கள். தண்ணீருக்குள் வாழும் தும்பிக் குஞ்சு கொசுப்புழுவைத் தின்கிறது, பறக்கும் தும்பி கொசுவையே பிடிக்கிறது. மாதாமாதம் மருந்து அடிக்கும் தோட்டத்தில் அதுவும் மிஞ்சாது.

மின்சாதனக் கடைக்காரர், வேலூர்

நான் விற்பவன் என்பதால் என் பேச்சைச் சந்தேகத்தோடு கேட்கலாம், இருந்தாலும் சொல்கிறேன். நீல விளக்குப் பொறியைத் தோட்டத்தில் மாட்ட வேண்டாம். அது புற ஊதா ஒளிக்கு ஓடிவரும் பூச்சிகளைப் பிடிக்கிறது. கொசு வருவதோ நம் மூச்சில் வெளியாகும் கரியமில வாயுவையும் உடம்பின் வெப்பத்தையும் வியர்வை நாற்றத்தையும் தேடி. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுத் தோட்டங்களில் வைத்த இத்தகைய பொறிகளில் விழுந்த 13,789 பூச்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். அவற்றில் கடிக்கும் பூச்சிகள் வெறும் 31. மற்றவை விட்டில், வண்டு, நீர்ப்பூச்சி என்று யாருக்கும் தொல்லை தராதவை. படபடவென்று சத்தம் கேட்பதால் வேலை செய்கிறது என்ற நம்பிக்கை வாடிக்கையாளருக்கு வந்துவிடுகிறது.

காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டும் என்று விற்கப்படும் கருவியும் அப்படித்தான்; அதனால் கடி குறைவதாக எந்தச் சோதனையும் காட்டவில்லை. மாமனார் உட்காரும் இடத்துக்கு ஒரு மேசை மின்விசிறியையோ நின்றாடும் விசிறியையோ முழங்கால் உயரத்தில் காற்று படும்படி வைத்துப் பாருங்கள். கொசு பலமாகப் பறக்கும் பூச்சி அல்ல. வேகமான காற்றில் அதனால் வந்து உட்கார முடிவதில்லை, நம் வாசனையும் கலைந்துவிடுகிறது. என் கடையில் இருப்பதிலேயே இதற்குப் பயன்படும் பொருள் அதுதான்.

தொரப்பாடி ஆசிரியை

நொச்சியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சென்னை மாநகராட்சியே சில ஆண்டுகளுக்கு முன் வீடு வீடாக நொச்சிக் கன்று கொடுத்தது. எங்கள் ஊர்ப் பக்கம் மாட்டுக் கொட்டகையில் நொச்சித் தழையையும் வேப்பிலையையும் போட்டுப் புகை மூட்டுவது தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கம். அதற்குப் பலன் இல்லை என்று தள்ளிவிட முடியுமா?

பூச்சியியல் பணியாளர், ஓய்வு

தள்ள வேண்டியதில்லை, அம்மா. ஆனால் இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நொச்சித் தழையைப் புகைத்தால் புகை இருக்கும் வரை கொசு விலகி நிற்கும். அதன் இலையிலிருந்து வடிக்கும் எண்ணெய்க்கும் விரட்டும் தன்மை உண்டு. செடியாக வேலியோரம் நிற்பதனால் மட்டும் கொசு வராமல் இருப்பதில்லை. அந்த எண்ணெய் இலை கசங்கும்போதோ எரியும்போதோதான் காற்றில் கலக்கிறது. துளசிக்கும் இதே நிலைதான். தொட்டிச் செடியாக வைத்து அடியில் தட்டும் வைத்தால், தட்டில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் வளர்ந்துவிடும். நொச்சி மருந்துக்கு உதவும், நடுங்கள். கொசுவுக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

புகை என்று வந்ததால் இதையும் சேர்த்துவிடுகிறேன். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மாமனார் திண்ணையில், திறந்தவெளியில் வைப்பது வேறு. குழந்தை படுக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வைப்பது வேறு.

சத்துவாச்சாரி வாசி

ஐயா சொன்னபடி காலையில் டார்ச் அடித்துப் பார்த்தோம். சிமெண்ட் தொட்டியில் புழு நெளிந்தது. நாங்கள் எதிர்பாராத இடங்களிலும் இருந்தது: யாரும் பயன்படுத்தாமல் தென்னை அடியில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, மாமனார் எடுத்து வைத்திருந்த பழைய ஸ்கூட்டர் டயர், குளிர்பதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டு. டிரம்கள் மூன்றில் ஒன்றில் மட்டும்தான் இருந்தது; அதன் மூடி விளிம்பில் உடைந்திருக்கிறது. ஆட்டுக்கல்லை அசைக்கக்கூட முடியவில்லை, அதை என்ன செய்வது? கிணற்றுக்கு மீன் விடுவதானால் எந்த மீன்?

பூச்சியியல் பணியாளர், ஓய்வு

ஆட்டுக்கல் குழியில் மணலைக் கொட்டி மேடாக நிரப்பிவிடுங்கள். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. டயரைக் கொடுத்துவிடுங்கள், அல்லது கூரைக்கு அடியில் வையுங்கள். டயரின் உட்குழியில் தேங்கும் தண்ணீரை எப்படிச் சாய்த்தாலும் முழுவதும் வெளியேற்ற முடியாது. தேங்காய்ச் சிரட்டைகளையும் பாருங்கள். வாழையின் இலையடியில் தேங்கும் கொஞ்சத் தண்ணீரைப் பற்றிச் சிலர் பயப்படுவார்கள்; உங்கள் தோட்டத்தில் சிமெண்ட் தொட்டிக்கு முன்னால் அது கணக்கிலேயே வராது.

மீனைப் பொறுத்தவரை, நம் ஊர்களில் பெரும்பாலும் கொடுப்பது கம்பூசியா. 1928இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. புழுவை நன்றாகத் தின்னும். கூடவே நாட்டு மீன்களின் முட்டையையும் தவளைக் குஞ்சையும் தின்னும். ஏரிக்கோ ஓடைக்கோ தொடர்பில்லாத கிணற்றில் விடுவதில் தீங்கில்லை. மழையில் வழிந்து ஓடும் குட்டையில் விடக் கூடாது. அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் கப்பியும் போதும். உங்கள் கிணற்றுக்கும் சிமெண்ட் தொட்டிக்கும் அதையே சொல்வேன். குழாய்த் தண்ணீரை நேராக நிரப்பிய அன்றே மீனை விடாதீர்கள். குளோரின் வாசம் போகும்படி ஒரு நாள் திறந்து, வலை கட்டி வைத்துவிட்டு மறுநாள் விடுங்கள். குடிக்கும் தண்ணீர் பிடிக்கும் டிரம்மில் மீன் வேண்டாம். அதற்குத் துணிக்கட்டும் வாராந்திரக் கழுவலும் போதும்.

மீனும் விட முடியாமல், காலியும் செய்ய முடியாமல் இருக்கும் தண்ணீருக்குத்தான் மருந்து. களப்பணியாளர்கள் கொண்டுவரும் அபேட் என்பது டெமிபாஸ். 1,000 லிட்டருக்கு 1 கிராம் செயல்பொருள் என்ற அளவில், குடிநீர்த் தொட்டியிலும் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருக்கிறது. அளவு தெரியாமல் நாமே வாங்கிக் கைக்கு வந்தபடி ஊற்றுவதுதான் தவறு. இன்னொன்று பிடிஐ என்னும் பாக்டீரியா. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனப் பகுதியில் கண்டறியப்பட்டது. நமக்கு அருகில் புதுச்சேரியில் உள்ள நோய்ப்பரப்பி ஆராய்ச்சி மையமும் இதில் ஓர் இந்திய வகையை உருவாக்கியிருக்கிறது. புழு இதைத் தின்றால் அதன் குடல் சிதைந்து சாகும். தேனீ, மீன், கோழி எதற்கும் கெடுதல் இல்லை. தேனீக்காரர் ஒப்புக்கொள்ளக்கூடிய மருந்து இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

குடியாத்தம் பக்கத்து விவசாயி

நகரத்து வீட்டுக்கு இதெல்லாம் சரி. எங்களைப் போல் நெல்வயலுக்கு நடுவில் வீடு வைத்திருப்பவர்கள் டிரம்மைக் கவிழ்த்து என்ன பயன்? நடவு முடிந்ததும் வயல் முழுக்கத் தண்ணீர். மாலையானால் மாட்டின் மேல் கருப்பாக அப்பிக்கொள்கிறது.

பூச்சியியல் பணியாளர், ஓய்வு

உங்கள் கேள்விக்கு இந்த மாவட்டத்தின் வரலாற்றிலேயே இடம் இருக்கிறது, ஐயா. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் மனிதரிடம் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், அன்றைய வட ஆர்க்காட்டில், வேலூரில்தான். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் வகைகள் நெல்வயல் தண்ணீரில் பெருகுகின்றன. பன்றியிலும் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் கிருமி பெருகி, அங்கிருந்து கொசு வழியாக மனிதருக்கு வருகிறது. மாட்டை அவை அதிகம் கடித்தாலும் மாட்டின் உடலில் கிருமி பெருகுவதில்லை. நீங்கள் சொல்வது போல் தோட்டத்தைச் சுத்தம் செய்வதால் வயல் கொசு குறையாது. வயலில் தண்ணீரை இடைவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் புழு கணிசமாகக் குறையும். பயிருக்கும் அதனால் கேடில்லை. வீட்டளவில் ஜன்னல் வலை, படுக்கைக்குக் கொசுவலை, பன்றி அடைப்பை வீட்டிலிருந்து தள்ளி வைத்தல் ஆகியவைதான் வழி. குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்பாடி நண்பன்

அப்படியானால் சகோதரியின் மாமனாரைக் கடிக்கும் இரவுக் கொசுவுக்கு வழி சொல்லவில்லையே. தெருக் கால்வாய் அவர்கள் கையில் இல்லை. எங்கள் பகுதியில் எத்தனை மனு கொடுத்தும் தூர் வாரவில்லை. அதனால்தான் நாங்கள் மருந்துக்குப் போனோம்.

பூச்சியியல் பணியாளர், ஓய்வு

நியாயமான கேள்வி. கால்வாய்க்கு முன்னால் செப்டிக் டேங்கைப் பாருங்கள். கூரைக்கு மேல் நிற்கும் அதன் காற்றுக் குழாயின் வாய் திறந்திருந்தால், இரவுக்கு இரவு கியூலெக்ஸ் அதன் வழியாகப் போய் வருகிறது. நைலான் வலைத் துணியை இரண்டு மடிப்பாக வைத்துக் கம்பியால் இறுகக் கட்டுங்கள். மேல் பலகைக் கல்லின் இணைப்பில் வெடிப்பு இருந்தால் சிமெண்ட் பூசி அடையுங்கள். பல வீடுகளில் இரவுக் கொசுவின் பெரும் பங்கு இந்த ஒரு குழாயிலிருந்து வருகிறது. செலவோ மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவு. குளியலறைக் கழிவு நீர் தோட்டத்துக்குப் போகும் வாய்க்கால் இருந்தால், தண்ணீர் தேங்காமல் சரிவு கொடுத்து வாழைக்கு நேராகப் பாய்ச்சுங்கள்.

அதற்கு மேலும் தெருக் கால்வாயிலிருந்து வரும் கொசு இருக்கும். கியூலெக்ஸ் ஏடிஸைவிடத் தொலைவு பறக்கும். அதைத் தோட்டத்து மருந்தாலும் நிறுத்த முடியாது, இன்று செத்ததன் இடத்துக்கு நாளை அடுத்தது வரும். டெங்கு கண்ட தெருவில், பத்துப் பதினைந்து நாள் அவசரமாகக் குறைக்க வேண்டும் என்ற நிலையில் மருந்தடிப்பதை நானே பரிந்துரைத்திருக்கிறேன். மாதாமாதச் சந்தாவாக அல்ல. கொசு பழகிப்போய், மருந்துக்குச் சாகாத தலைமுறை வந்துவிடுகிறது.

சத்துவாச்சாரி வாசி

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். மருந்தடிக்க ஒப்பந்தம் போடவில்லை. அந்தப் பணத்தில் ஜன்னல்களுக்கு வலையும் திண்ணைக்கு ஒரு விசிறியும் வாங்குகிறோம். சிமெண்ட் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கப்பி விடப்போகிறோம். வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவும் வழக்கம் இருப்பதால் டிரம்களையும் அன்றே கழுவ மாமியார் ஏற்றுக்கொண்டார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி இல்லாததைப் பற்றி எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. குறை சொல்வதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக ஒரு சந்தேகம். கத்திரி வெயிலில் எங்கள் கிணறு அடியில் சேறாகிவிடும். மீன் என்ன ஆகும்?

பூச்சியியல் பணியாளர், ஓய்வு

பங்குனியிலேயே கூடையோ சிறு வலையோ விட்டுப் பிடித்துச் சிமெண்ட் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். மழைக்குப் பிறகு திரும்ப விடலாம். கப்பி குட்டி போடும் இனம், சில மீன்கள் தப்பினாலே பெருகிவிடும். தொட்டிக்கு நிழல் இல்லாவிட்டால் ஒரு பக்கம் தென்னங்கீற்று போட்டு வையுங்கள், நம் ஊர் மே மாத வெயிலில் தண்ணீர் கொதித்துவிடும். கிணற்று வாய்க்கு வலை போடுங்கள். சருகு விழுவதும் நிற்கும். களப்பணியாளர் அபேட் ஊற்ற வந்தால் தொட்டியில் மீன் இருப்பதைக் காட்டுங்கள், அந்தத் தொட்டிக்கு மருந்து தேவையில்லை.

பக்கத்து வீட்டம்மாவிடம் உங்கள் தொட்டியிலிருந்து ஒரு குவளையில் புழுவை எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, இது எங்கள் வீட்டில் இருந்தது, உங்கள் தொட்டியையும் ஒரு முறை பார்த்துவிடலாமா என்று கேளுங்கள். களத்தில் நாங்கள் அப்படித்தான் கேட்போம். கதவைச் சாத்தியவர்கள் குறைவு.

தொரப்பாடி ஆசிரியை

கப்பிக் குட்டிகள் வேண்டுமானால் எங்கள் பள்ளித் தொட்டியில் நிறைய இருக்கின்றன, சகோதரி. சனிக்கிழமை காலையில் ஒரு வாளியோடு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். கடையில் காசு கொடுக்க வேண்டாம்.